‘அந்த நாள்’ (1954): எங்கே ஊன்றி நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது?

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

நம் குழுவில் கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘அந்த நாள்’ படத்தின் பெயர்தான் முதலில் வருகிறது. ஆனால் அந்தப் பேச்சு “பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம்” என்ற ஒரு வரியைத் தாண்டுவதில்லை. ஒரு படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பாராட்டுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஆகவே அதில் இருப்பவற்றின் நிறைகுறைகளைப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கொலையாளி யார் என்பதை மறைத்துக்கொண்டு இதை எழுத இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஏவி.எம். தயாரிப்பில் 1954 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியான படம் இது. கதையை எழுதி இயக்கிய எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27. திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்திருப்பவரும் அவரே. 1943 அக்டோபரில் சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு வீசிய நேரத்தில், வானொலிப் பொறியாளரான ராஜன் (சிவாஜி கணேசன்) தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். அண்டை வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனின் ஆசைநாயகி அம்புஜம், மனைவி உஷா ஆகியோரை வரிசையாக விசாரிக்கிறார்கள்.

‘ராஷோமோன்’ படத்தின் நகல் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. பாலசந்தர் அந்த ஜப்பானியப் படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்த பிறகுதான் இக்கதையை எழுதினார் என்பது உண்மையே. ஆனால் குரோசாவாவின் படத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய சாட்சியங்கள் ஒன்றை ஒன்று அடித்து வீழ்த்துகின்றன. எது மெய் என்பது கடைசிவரை கைக்கு எட்டுவதில்லை. ‘அந்த நாள்’ வேறு பாதையில் போகிறது. இங்கே ஒவ்வொருவரும் ராஜனைப் பற்றித் தமக்குத் தெரிந்த ஒரு துண்டு உண்மையைச் சொல்கிறார்கள். கொன்றவர் யார் என்ற ஊகத்தில் மட்டுமே தவறுகிறார்கள். துண்டுகளைச் சேர்த்தால் ஒரு மனிதன் முழுதாக உருவாகிறான். உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையின் மீது கட்டப்பட்ட படம் இது. அந்த வகையில், இறந்தவளை ஒவ்வொரு சாட்சியும் ஒவ்வொரு விதமாக வருணிக்கும் ‘தி வுமன் இன் க்வெஸ்சன்’ என்ற 1950-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்துக்கே இது நெருக்கமானது என்பது என் கணிப்பு.

கட்டுமானத்தில் நான் மிகவும் வியப்பது, குற்றத்தின் காரணத்தை ஒளித்துவைத்த இடம். கொலையுண்டவனின் தொழில் வானொலி. கொலை நடந்த காலம் குண்டு விழுந்த காலம். இரண்டையும் தொடக்கத்திலேயே நம் கண்முன் வைத்துவிடுகிறார்கள். நாமோ அவற்றைக் காலப் பின்னணி என்று தள்ளிவிட்டு, சொத்துத் தகராறிலும் கள்ளக்காதலிலும் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கடைசியில்தான், ஜப்பானியருக்கு வானொலி வழியாக இரகசியங்களை விற்றவன் ராஜன் என்பதும், அதைக் கண்டுபிடித்த உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது என்பதும் தெரியவருகின்றன. ஏமாற்றப்பட்டோம் என்று பார்வையாளர் புகார் சொல்ல வழியில்லை.

என் குறை அந்த முடிவைப் பற்றியதுதான். மர்மத்தைத் திறமையாக அவிழ்த்த படம், ராஜன் காட்டிக்கொடுத்தது எந்த நாட்டை என்ற கேள்விக்குப் போதிய இடம் தரவில்லை. 1943-இல் சென்னையை ஆண்டது வெள்ளைக்காரன். ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி நிறைவேறியது. அந்த நிலையில், ஒருத்தி தன் கணவனையே பலி கொடுக்கும் அளவுக்குத் தேசத்துரோகம் என்ற சொல் எவ்வளவு கனத்தைத் தாங்கும்? மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

குடமுருட்டி (திருவையாறு) எழுதியது:

அரசலாறு ஐயா பாட்டில்லாமையைக் கடந்து செல்லச் சொல்கிறார். நான் சற்று நேரம் அங்கேயே நிற்க அனுமதி வேண்டும். பாலசந்தரை வீணை பாலசந்தர் என்றே நாடு அறியும். தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்பவர்களிடம் பேசினால் இன்றும் அவர் பெயர் மரியாதையோடு அடிபடும். அப்படிப்பட்ட ஒரு சங்கீதக்காரர் தம் படத்தில் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்ததை, இசை தெரியாதவர் செய்த சிக்கனத்தோடு ஒன்றாக வைக்க முடியாது. ஒரு ராகத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரின் முடிவு அது.

அந்தக் காலத்துச் சபைக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பதை இப்போது நாம் உணர்வது கடினம். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். முதல் பக்கங்களில் கதைச்சுருக்கம் இருக்கும். சுவையான கட்டத்தில் கதையை நிறுத்தி, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடித்திருப்பார்கள். அடுத்து முழுக்கப் பாட்டுகள். வீட்டுக்குப் போன பிறகும் படத்தை மீண்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்க அந்தச் சின்னப் புத்தகம்தான் துணை. அப்படிப் பழகியவர்கள் முன்னால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட்டு, நடனம், சண்டை எதுவுமே இல்லாமல் ஒரு கொலை விசாரணையை வைத்தால் என்ன நடக்கும்? முதல் வெளியீட்டில் படம் தோற்றது. தேசிய விருதுக் குழுவின் தகுதிச் சான்றிதழ் கிடைத்து, மீண்டும் வெளியிட்டபோதுதான் ஆதரவு கூடியது. அதே ஆண்டு தமிழுக்கான வெள்ளிப் பதக்கத்தைப் பெற்ற ‘மலைக்கள்ளன்’ எவ்வளவு பாட்டும் சாகசமும் நிறைந்த படம் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் தனிமை விளங்கும்.

ஆயினும் ஒரு குறையை நான் சொல்லியாக வேண்டும். பாலசந்தர் பாட்டை எடுத்தார். நாடக மேடையின் பேச்சை எடுக்கவில்லை. பாட்டு இருந்திருக்க வேண்டிய இடங்களையெல்லாம் வசனம் வந்து நிரப்புகிறது. ஏவி.எம்மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழுவின் பின்னணி இசை அடக்கமாகவே இருக்கிறது, பாத்திரங்கள்தாம் அடங்குவதில்லை. கண்ணால் கண்டுவிட்ட ஒன்றைச் சிவானந்தம் வாயாலும் விளக்குகிறார், பிறகு இன்ஸ்பெக்டர் நாயுடுவுக்காக இன்னொரு முறை விளக்குகிறார். மௌனத்தை நம்பத் தொடங்கிய படம் பாதி வழியில் அதை நம்பாமல் போய்விட்டது. இக்கதையைப் பாலசந்தர் முதலில் நாடகமாக எழுதி அகில இந்திய வானொலிக்கு அனுப்பியிருந்தார், அங்கே ஏற்கவில்லை. காதால் மட்டுமே கேட்பவருக்காக எழுதப்பட்டதன் தடம் வசனங்களில் மிச்சம் இருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

வடவாறு (தஞ்சாவூர்) எழுதியது:

சிவாஜியின் குடும்ப ஊரான சூரக்கோட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் சிவாஜியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

‘மனோகரா’ வெளிவந்தது 1954 மார்ச் 3. ‘அந்த நாள்’ வெளிவந்தது ஏப்ரல் 13. நாற்பது நாள் இடைவெளியில் ஒரே நடிகரைச் சங்கிலியில் கட்டுண்டு முழங்கும் இளவரசனாகவும், கோட்டும் கால்சட்டையும் அணிந்து தாழ்ந்த குரலில் தேசத்தை விற்கும் பொறியாளனாகவும் தமிழ்நாடு பார்த்தது. நாயகன் முதல் காட்சியிலேயே சாகிறான் என்பது கதை அமைப்பில் ஒரு துணிச்சல் என்றால், வளர்ந்துவரும் ஒரு நாயக நடிகர் அதற்குச் சம்மதித்தது இன்னொரு துணிச்சல். துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் நம்மை நோக்கித் தள்ளாடி வந்து விழுகிறான். யார் சுட்டார் என்று பார்க்க நாம் கண்ணைத் திருப்ப முடியாது, ஏனெனில் காமிரா அவன் முகத்தை விட்டு நகர்வதில்லை. சுட்டவர் நிற்கும் பக்கத்தில் நம்மையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். இந்த ஒரு ஷாட்டின் கொடூரத்தை அடுத்த இரண்டு மணி நேரமும் எட்டவில்லை என்றுகூடச் சொல்வேன்.

பின்கதைகளில் ராஜன் ஆளுக்கு ஆள் மாறுகிறான். தம்பியிடம் கறார், அம்புஜத்திடம் கொஞ்சல், கல்லூரி நாள்களின் உஷாவிடம் இலட்சியம். ஒப்பனையையோ உடையையோ பெரிதாக மாற்றாமல், பேச்சின் வேகத்தையும் தோளின் இறுக்கத்தையும் மட்டும் மாற்றி இதைச் செய்திருக்கிறார். சிவாஜி மிகையாக நடிப்பவர் என்று முடிவு கட்டிவிட்டவர்கள் இந்தப் படத்தை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மாருதி ராவின் ஒளிப்பதிவைப் பற்றி யாரும் எழுதவில்லையே? பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் இருட்டிலுமாக ஆள்களை நிறுத்துவது அக்கால அமெரிக்கக் குற்றப்படங்களில் வழக்கம். ஆனால் தமிழ்ப் படங்களின் வீடுகள் அன்று கோயில் உற்சவம் போல எல்லா மூலையிலும் வெளிச்சமாகவே இருந்தன. குடும்பம் நடத்தும் ஒரு நடுத்தர வீட்டை இப்படி இருளடையச் செய்தது புதிது. குறை என்று கேட்டால், வீட்டுக்குள் காட்டிய இந்தக் கவனம் விசாரணைக் காட்சிகளில் தளர்கிறது. அங்கே ஆள்கள் மேடையில் போல வரிசையாக நின்று பேசுகிறார்கள். குடமுருட்டி ஐயா சொன்ன நாடகத் தடம் ஒளியமைப்பிலும் இருக்கிறது.

வெண்ணாறு (நீடாமங்கலம்) எழுதியது:

மூவரும் ராஜனையே சுற்றிவருகிறீர்கள். எனக்கு இந்தப் படம் இரண்டு மருமகள்களின் கதை.

யார் யாரைக் கைகாட்டுகிறார் என்பதை வரிசையாகப் பாருங்கள். சின்னையா பிள்ளை பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே காட்டுகிறான். ஹேமா அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையா பிள்ளையைக் காட்ட, வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்து முடிகிறது. தான் தப்பிப்பதற்காகத் தாலி கட்டியவளைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கும் பட்டாபியை நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம், டி.கே. பாலச்சந்திரனின் அப்பாவித் தோற்றம் அதற்கு உதவுகிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் உஷாவின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குற்றமற்ற மனைவியைக் கணவனே கைகாட்டுகிறான். சுட்ட மனைவியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாய் நீளமான மருமகள் கொலையும் செய்வாள், வாய் திறவாத மருமகள் எதுவும் செய்யமாட்டாள் என்ற கணக்கு அந்த நான்கு பேருக்கும் இருக்கிறது, பார்க்கும் நமக்கும் இருக்கிறது. திரைக்கதை நம்முடைய அந்தக் கணக்கை வைத்தே நம்மை மடக்குகிறது. இதைவிட நுட்பமான வேலை அந்தப் பத்தாண்டுத் தமிழ்க் குற்றப்படங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

எஸ். மேனகா நடித்த ஹேமாவை வாயாடி என்று பலர் எழுதிவிட்டார்கள். அவள் கேட்பது என்ன? குடும்பச் சொத்தில் கணவனுக்கு வரவேண்டிய பங்கு. எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினை நடந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசக் கூசிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்; நிலத்தின் சர்வே எண்ணிலிருந்து பித்தளை அண்டா வரை கணக்கு வைத்துக் கேட்பவள் மருமகளாக இருப்பாள்; காரியம் முடிந்த பிறகு குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பட்டம் மட்டும் அவளுக்கு நிற்கும். படம் அவளைக் கேலி செய்தாலும் அவள் கேட்பது நியாயம் என்பதை மறைக்கவில்லை. அதை நிறைவில் சேர்க்கிறேன்.

அம்புஜம்தான் படத்தின் பெரிய பள்ளம். சூர்யகலா தம்மால் ஆனதைச் செய்திருக்கிறார். பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. ஆசைநாயகி என்றால் இப்படித்தான் என்று எழுதியவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மற்ற மூவரின் கதையிலும் ராஜனைப் பற்றி ஏதோ புதிதாகத் தெரிந்துகொள்கிறோம். அம்புஜத்தின் கதையில் நேரம்தான் போகிறது.

கடுவையாறு (நாகப்பட்டினம்) எழுதியது:

அரசலாறு ஐயாவின் கேள்விக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பதில் சொல்ல முயல்கிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்காமல் வளர்ந்தவர் இங்கே குறைவு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதோடு அங்கிருந்து வந்துகொண்டிருந்த கடிதமும் பணமும் நின்றன. எனவே ஜப்பான் என்ற பெயர் இங்கே செய்தித்தாளில் வரும் தொலைதூரப் பெயராக இருந்ததில்லை.

படத்தின் காலமான 1943 அக்டோபரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 11-ஆம் தேதி சென்னையில் குண்டு விழுந்தது. 17-ஆம் தேதி, சயாம் மரண ரயில்பாதை என்று நம்மவர் அழைக்கும் பாதையின் இரு பக்கத் தண்டவாளங்களும் ஒன்றாக இணைந்தன. அந்தப் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோன மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 21-ஆம் தேதி, அதே ஜப்பானியரின் ஆதரவோடு நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அவருடைய படையிலும் ஜான்சி ராணிப் படைப்பிரிவிலும் சேர்ந்தவர்களில் அதே தோட்டங்களின் தமிழர்கள் பெருந்தொகையினர். ஒரே லைன் வீட்டிலிருந்து ஒருவர் ரயில்பாதைக்கும் ஒருவர் இந்திய தேசிய இராணுவத்துக்கும் போயிருக்கக்கூடிய மாதம் அது.

இதை வைத்துப் பார்த்தால் உஷாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்குப் பதிலாக ஜப்பானியன் வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு சயாம் காடு சாட்சி. ராஜனும் நேதாஜியின் வழியில் போகிறவன் அல்லன். தன் அறிவுக்கு இங்கே மதிப்பில்லை என்ற கசப்பில் விலை பேசுகிறவன். ஆனாலும் அரசலாறு ஐயாவின் குறை குறையாகவே நிற்கிறது. 1954-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் இந்திய தேசிய இராணுவத்திலிருந்து திரும்பிவந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஜப்பானோடு சேர்ந்தவன் துரோகி என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோக அவர்களால் முடிந்திருக்காது. அந்த வேற்றுமையை ஒரே ஒரு காட்சியில் அழுத்தமாக வைத்திருந்தால் உஷாவின் முடிவுக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

அரசலாறு எழுதியது:

கடுவையாறு ஐயா அடுக்கிய மூன்று தேதிகள் என் கேள்வியை நான் எழுதியதைவிடத் தெளிவாக்கிவிட்டன. விடுதலை கிடைத்து ஏழே ஆண்டுகளில் எடுத்த படம் இது. 1943-இன் நாட்டை 1954-இன் நாடாகவே பாவித்து எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கொடியும் அரசும் நம்முடையவை ஆன பிறகு, அரசைக் காட்டிக்கொடுப்பதும் நாட்டைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. ராஜன் வாழ்ந்த ஆண்டில் அவை ஒன்றல்ல.

வெண்ணாறு அம்மாவின் வட்டக் கணக்கைப் படித்த பிறகு இன்னொன்றும் தோன்றுகிறது. நால்வரின் கதைகளும் சொத்து, காசு, மோகம் என்று வீட்டுக்குள்ளேயே சுழல்கின்றன. உஷா ஒருத்திதான் வாசலுக்கு வெளியே நடப்பதை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள். அதனால்தான் அவளை யாரும் சந்தேகிக்கவில்லை. வீட்டுக் காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

குடமுருட்டி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. பத்தாண்டு கழித்துப் பாலசந்தர் எடுத்த ‘பொம்மை’ (1964) படத்தில் பாட்டு திரும்பிவந்துவிட்டது. “நீயும் பொம்மை, நானும் பொம்மை” என்று ஜேசுதாஸ் பாடியது அதில்தான். பாட்டில்லாமல் ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ 1965-இல் வந்தது; அது குற்றப்படம் அல்ல. ‘அந்த நாள்’ திறந்த வழியில் அதன் இயக்குநரே தொடர்ந்து நடக்க முடியவில்லை என்பதை, படத்தின் குறையாக எழுதுவதா சந்தையின் குறையாக எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெண்ணாறு எழுதியது:

சந்தையின் குறைதான், ஐயமே வேண்டாம்.

அரசலாறு ஐயா, உஷாவிடம் வீட்டுக் காரணம் எதுவும் இல்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கணவனுக்கு இன்னொருத்தி இருந்தாள். அது உஷாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருந்தால் துப்பாக்கி பிடித்த கையில் அதற்கும் ஒரு பங்கு உண்டா என்று சிவானந்தம் அழுத்திக் கேட்பதில்லை. தேசபக்தி என்ற காரணம் கிடைத்தவுடன் மற்றக் கோப்புகளை மூடிவிடுகிறார்கள். உஷாவாக நடித்த பண்டரிபாய் அப்படி மூடவில்லை. ‘பராசக்தி’யில் சிவாஜியோடு நடித்தபோது இருந்த அதே மென்மையோடுதான் இங்கும் வருகிறார். ஆனால் கடைசி வாக்குமூலத்தில் நாட்டைப் பற்றிப் பேசும்போது நிமிர்ந்து இருக்கும் அவர் பார்வை, ராஜனைப் பற்றிப் பேசும்போது நிலைகொள்வதில்லை. எழுதியவரும் இயக்கியவரும் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் கேட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வடவாறு தம்பி சிவாஜிக்காக ஒரு முறை பார்க்கச் சொன்னார். பண்டரிபாய்க்காக அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தனியே இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.